மழைக்கு அரைக் கிலோ

குழந்தைகள் வார்டில், மருந்து அலமாரியின் மேல், பழைய எக்ஸ்ரே கவர்களுக்கு அடியில் ஒரு பச்சை ஃபைல் இருக்கும். அதன்மேல் 'மழையும் மலைக் குழந்தைகளின் எடையும்' என்று என் கையெழுத்தில் எழுதியிருக்கும். நான் ஓய்வு பெற்ற அன்று, அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது எனக்கு வேறு பயம் வந்திருக்கிறது. வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் டாக்டர்களான உங்களில் யாராவது ஒருவர் அதைப் பிரித்துப் பார்த்து, அடடா, இவ்வளவு அருமையான ஆராய்ச்சியை ஏன் கிடப்பில் போட்டார்கள் என்று தூசி தட்டி எடுத்துவிடுவீர்களோ என்ற பயம். ஏனென்றால் அந்த ஃபைல் பார்க்க அவ்வளவு லட்சணமாக இருக்கும். கோடு போட்ட அட்டவணைகள், நீலத்திலும் சிவப்பிலும் வரைபடங்கள், எல்லாம் உண்டு. அதில் ஒரு வரிகூட உண்மை இல்லை என்பதை நானே சொல்லிவிடுவது நல்லது.

விஷயம் இதுதான். ஏற்காடு மலையில், நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட். வேலைக்குப் போகும் தாய்மார்கள் பகலில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக அங்கே ஒரு காப்பகம் இருந்தது. வாரம் ஒருமுறை, சனிக்கிழமை, அந்தப் பிள்ளைகளின் எடையைப் பார்த்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தேன். மலைப் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று பார்க்க ஆசை. அப்படியே ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்ற ஆசையும் இருந்தது, அதை மறைப்பானேன்.

காப்பகத்துக்கு நாங்கள் கொடுத்திருந்த எடைக் கருவி இரண்டாவது வாரமே படுத்துவிட்டது. ஈரக் காற்றில் அது எந்தக் குழந்தையை வைத்தாலும் கோடு கோடாகக் காட்டியது. அப்போது எஸ்டேட் ரைட்டர் மாணிக்கம் தானாக முன்வந்தார். ரைட்டர் என்றால் ஆள் கணக்கும் வேலைக் கணக்கும் பார்ப்பவர். பறித்த காப்பிப் பழத்தை நிறுத்து எழுதுவதும் அவர்தான். இருபது வருடமாகத் தராசு பிடித்த கை. "எதுக்குங்க டாக்டரம்மா கவலப்படறீங்க? நம்மகிட்ட டயல் தராசு இருக்குதுங்க. புதுச் சாக்குல தூளி கட்டித் தொங்கவிட்டுப் பாத்து, சனிக்கெழம தவறாம வாட்ஸப்புல அனுப்பிடறேனுங்க" என்றார். சொன்னபடியே அனுப்பினார். பிள்ளைகளுக்கும் அந்தத் தூளி ஊஞ்சல் மாதிரி ஆகிவிட்டதால் நான் நீ என்று அடித்துக்கொண்டு ஏறினார்களாம்.

இரண்டு மாதம் போனதும் எண்களைப் பார்த்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழை பெய்யும் சனிக்கிழமைகளில் எல்லாப் பிள்ளைகளின் எடையும் இறங்கியது. வெயில் அடித்த சனிக்கிழமை எல்லாருக்கும் ஏறியது. ஒருவர் இருவர் இல்லை, அத்தனை பேரும். அதுவும் சொல்லி வைத்தாற்போல் சாரலென்றால் கால் கிலோ, நல்ல மழையென்றால் அரைக் கிலோ.

இவ்வளவு ஒழுங்காக எந்த உயிரும் நடந்துகொள்ளாது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். மூன்றாம் வருடம் படிக்கும் மாணவன்கூடச் சிரித்திருப்பான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, காரணங்கள்தான் வந்தன. குளிரில் உடம்பு சூட்டுக்காகச் செலவழிக்கிறது, மழையில் தாய் நனைந்து தாமதமாக வருவதால் ஒருவேளைச் சாப்பாடு குறைகிறது, ஈரத்தில் பசி மந்தமாகிறது. ஒரு வாரத்துக்குள் ஏழு காரணங்கள் எழுதிவிட்டேன். சேலத்தில் குழந்தை மருத்துவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினேன். கைதட்டினார்கள். பெரிய டாக்டர் ஒருவர் எழுந்து, "இத்தனை வருஷமா ஏற்காடு போயிட்டு வரேன், எனக்கும் அங்கே மழையில ஒரு சோர்வு தெரியும்" என்றார். அதையும் குறித்துக்கொண்டேன்.

எங்கள் வார்டுக்கு அப்போது ஒரு தலைமை நர்ஸ் இருந்தார். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. வேலையை அவரிடம்தான் கற்றேன் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன், அவர் என்னைவிட ஒன்பது வயது சிறியவர். மூன்று முறை அவர் என்னிடம், "ஒருதரம் நேர்ல போயி புள்ளைங்களத் தூக்கிப் பாத்துட்டு வந்துரலாங்க டாக்டரம்மா" என்றார். வார்டில் இருமலும் மூச்சிரைப்புமாகக் கட்டிலுக்கு இரண்டு குழந்தைகள் கிடந்த நேரம். வாட்ஸப்பில் எண் வந்துகொண்டிருக்கும்போது ஆளை எதற்குப் பார்ப்பது என்று நினைத்தேன். அதை அவரிடம் வாய்விட்டே சொல்லிவிட்டேன் என்பது இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பதில் கடலை உருண்டைக்கு ஏற்பாடு செய்தேன். மழை பெய்கிற நாளெல்லாம் பிள்ளைக்கு ஒரு உருண்டை. இதனால் எடை இறங்குவது நிற்கவில்லை. நடந்தது என்னவென்றால், பிள்ளைகள் வானத்தைப் பார்த்து மழை வேண்ட ஆரம்பித்தார்கள். நாலு துளி விழுந்தால் காப்பகத்தில் ஆரவாரம் எஸ்டேட் கேட் வரை கேட்குமாம். எடை இறங்க இறங்க நான் உருண்டையை இரண்டாக்கினேன். உருண்டை ஏற ஏற, காகிதத்தில் பிள்ளைகள் இளைத்தார்கள்.

கார்த்திகையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. பழம் பறிப்பும் தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில்தான் தர்ஷினி என்ற மூன்று வயதுக் குழந்தை என் கண்ணில் பட்டாள். கண்ணில் என்றால் காகிதத்தில். மழையில் மற்ற எல்லாருக்கும் எடை இறங்க, அவளுக்கு மட்டும் பன்னிரண்டு கிலோ பன்னிரண்டாகவே நின்றது. அடுத்த மழை வாரம் பதின்மூன்று ஆனது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. மழையை ஜெயித்த குழந்தை! அவள் அம்மா என்ன கொடுக்கிறாள் என்று கண்டுபிடித்துவிட்டால் ஆராய்ச்சி முழுமையாகிவிடும்.

உடனே ஒரு பரிசளிப்பு விழாவுக்கு நாள் குறித்தேன். எவர்சில்வர் கடையில் ஒரு பெரிய டம்ளர் வாங்கி, 'ஆரோக்கியக் குழந்தை - முதல் பரிசு' என்று பெயர் வெட்டச் சொன்னேன். வெட்டியவர், "டாக்டர் பேரும் போடலாங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடியில் 'அன்பளிப்பு: குழந்தைகள் டாக்டர்' என்று வந்தது.

விழா நாளும் சனிக்கிழமைதான், அன்றும் நல்ல மழை. ஜீப்பில் ஏறும்போது நர்ஸ் எங்கள் வார்டின் எடைக் கருவியைத் துணியில் சுற்றிப் பின்சீட்டில் வைத்தார். "விழாவுக்கு இது எதுக்கு?" என்றேன். "சும்மா இருக்கட்டுங்க" என்றார்.

காப்பகத்தில் தாய்மார்கள் பறிப்பு வேலையிலிருந்து அப்படியே, இடுப்பில் சாக்குக் கட்டியபடி வந்து நின்றிருந்தார்கள். ரைட்டர் மாணிக்கம் வெள்ளைச் சட்டை போட்டு, தராசுக்கு ஒரு முழம் சாமந்தி கட்டியிருந்தார். தர்ஷினியின் அம்மா செல்வி குழந்தையைப் பட்டுப்பாவாடையில் கொண்டுவந்து நிறுத்தினாள். குண்டுக் கன்னம், இடுங்கிய கண். எல்லாரும் கன்னத்தைக் கிள்ளினார்கள், நானும் கிள்ளினேன். டம்ளரை அவள் கையில் கொடுத்துப் போட்டோவும் எடுத்தாயிற்று. இவ்வளவும் என் கைக்கெட்டும் தூரத்தில் நடந்தது என்பதை நீங்கள் நினைவில் வையுங்கள்.

அப்போது பின்னாலிருந்து பாக்கியம் என்ற ஒரு தாய் தன் மகன் மணியை இழுத்துக்கொண்டு முன்னே வந்தாள். "ஏனுங்க டாக்டரம்மா, எம்பையன் எளச்சுப் போனான்னு எழுதியிருக்கீங்களாமா? போன மாசம் எடுத்த டவுசரு இடுப்புல ஏற மாட்டேங்குதுங்க. எளச்ச புள்ளைக்கு எப்புடீங்க டவுசரு பத்தாமப் போவும்?"

கூட்டத்தில் ஆமாங்க, ஆமாங்க என்று குரல்கள். நான் மழைக்காலத்தில் உடம்பு எப்படித் தன் கொழுப்பைச் செலவழிக்கிறது என்று விளக்க ஆரம்பித்தேன். நர்ஸ் அதைக் காதில் வாங்காமல் ஜீப்பிலிருந்து எங்கள் கருவியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, மணியை ஏற்றினார். பதின்மூன்று கிலோ. பிறகு ரைட்டரின் தூளியில் உட்கார வைத்தார்கள். டயல் முள்ளும் பதின்மூன்றில் நின்றது. இரண்டு கருவியும் ஒத்துப்போனதில் எனக்குத் திருப்தி. ரைட்டர் காதிலிருந்த பேனாவை எடுத்து, 'மணி - 12½' என்று எழுதினார்.

"ரைட்டர், முள்ளு பதின்மூணு காட்டுது. நீங்க பன்னெண்டரைன்னு எழுதறீங்க?"

அவர் என்னைச் சற்றுப் பரிதாபமாகப் பார்த்தார். "மழை பேஞ்சுட்டு இருக்குதுங்களே."

"அதுக்கு?"

"ஈரத்துக்குக் கழிக்கோணுமில்லீங்க? சாரலுக்குக் காலு, மழைக்கு அரை. பழம் நிறுத்தாலும் அப்புடித்தானுங்க. ஸ்வெட்டரு, குல்லா, சாக்கு எல்லாந் தண்ணி குடிச்சிருக்குது. அதையும் சேத்துப் புள்ளையோட எடைன்னு எழுதுனா பொய் எழுதுன மாதிரி ஆயிடாதுங்களா?"

முதலில் சிரித்தது பாக்கியம்தான். பிறகு எல்லாரும். மணிகூட என்னவென்று தெரியாமல் சிரித்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். சேலத்துக் கூட்டம், கைதட்டல், ஏழு காரணங்கள், மழையில் சோர்ந்த பெரிய டாக்டர் எல்லாம் என் கண்முன்னே வரிசையாகப் போயின. ரைட்டர்மேல் கோபம் வரவில்லை. அந்த மனிதர் ஒரு வாரம்கூடத் தவறாமல், தனக்குத் தெரிந்த நேர்மையின்படி நிறுத்திருந்தார். எடையை எதற்காகக் கேட்கிறேன், எப்படி எழுதவேண்டும் என்று ஒரு வார்த்தை நான் அவரிடம் சொன்னதில்லை.

என் முகத்தைப் பார்த்து அவருக்கே சங்கடமாகிவிட்டது. சமாதானமாக, "தண்ணிங்கறது கள்ள எடைங்க டாக்டரம்மா. பாத்தா சாக்கு நெறஞ்சு கொழுகொழுன்னு இருக்கும். வெரல வெச்சு அமுக்குனாத்தான் தெரியும்" என்றார்.

அவர் பழத்தைப் பற்றித்தான் சொன்னார். நான் தர்ஷினியைப் பார்த்தேன்.

மனசுக்குள் கணக்கு ஓடியது. மற்ற பிள்ளைகள் இளைக்கவே இல்லை, அவர்கள் இருந்தபடி இருக்கிறார்கள். அப்படியானால் இவளுக்கும் மழை வாரங்களில் அரைக் கிலோ கழித்துத்தான் எழுதியிருக்கிறார். கழித்தும் ஏறியிருக்கிறதென்றால்? குழந்தையை வாங்கி எங்கள் கருவியில் வைத்தேன். பதினான்கரை. மூன்று வாரத்தில் இரண்டரை கிலோ. எந்தக் குழந்தையும் அப்படி வளராது.

பட்டுப்பாவாடையைத் தூக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தேன். என் விரல் பதிந்த இடம் குழியாக அப்படியே நின்றது. மறு காலிலும் அழுத்திப் பார்த்தேன், அங்கேயும் குழி.

"காலையில முகம் எப்படி இருக்கும் செல்வி?"

"தூங்கி எந்திரிச்சாக் கண்ணே தொறக்காதுங்க. நொம்ப நல்லாத் தூங்கறான்னு நெனச்சேனுங்க."

"ஒண்ணுக்குச் சரியா போறாளா?"

"கொஞ்சமாத்தானுங்க. நொரை நொரையாப் போறா. குளுருக்குன்னு..." அவளுக்குப் பாதியிலேயே குரல் மாறிவிட்டது. "கொலுசு பத்தலைன்னு கழட்டி வெச்சேனுங்க. வளர்றாளேன்னு அவங்கப்பாகிட்டச் சந்தோசமாச் சொன்னேன். என்னங்க டாக்டரம்மா எம்புள்ளைக்கு?"

உங்களுக்கு இப்போது நோய் தெரிந்திருக்கும். சிறுநீரகம் புரதத்தை ஒழுக விடுகிறது, உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொள்கிறது. ஆஸ்பத்திரியில் இந்த முகத்துடன் ஒரு குழந்தை வந்தால் வாசலிலேயே சொல்லிவிடுவேன். அங்கே நான் பரிசு கொடுத்தேன். கன்னத்தைக் கிள்ளிப் பரிசு கொடுத்தேன்.

ஜீப்பில் போகும்போதே குழந்தையின் உடம்பு சுட்டது. வார்டில் போட்டதும் வயிறு வலி என்று சுருண்டாள். வயிற்றில் கோத்த நீரில் கிருமி சேர்ந்திருந்தது. அடுத்த மூன்று நாள் அவள் பிழைப்பாளா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. சேலத்துக்கு அனுப்பலாமென்றால் மழையில் கொண்டை ஊசி வளைவொன்றில் மண் சரிந்து ஆம்புலன்ஸ் நின்றுவிட்டது. இருப்பதை வைத்து இங்கேயே பார்த்தோம். போன் வழியாக சிறுநீரக டாக்டர் ஒருவர் சொல்லச் சொல்லச் செய்தோம். செல்வி கட்டிலடியில் உட்கார்ந்து, அந்த டம்ளரை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். எடுத்து வைத்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மூன்று நாளும் நான் எங்கே நின்றாலும் அதில் வெட்டிய எழுத்து என் பக்கம் திரும்பியிருப்பதாகவே பட்டது.

நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் நீர் வடிந்தது. அதன்பின் வார்டில் நடந்ததைப் பார்த்தவர்கள் எங்களுக்குப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்கள். தினமும் காலை நர்ஸ் தர்ஷினியை நிறுத்து, "முந்நூறு கொறஞ்சிருக்கு!" என்று கத்துவார். நாங்கள் கைதட்டுவோம். பிள்ளைக்கு நூறு கிராம் ஏறாதா என்று ஏங்கிக் கிடந்த பக்கத்துக் கட்டில் அம்மா ஒருத்தி, தன் குழந்தையை எங்கள் கண்ணில் படாமல் போர்வைக்குள் மறைத்துக்கொண்டாள். செல்விக்கும் ஒருநாள் பொறுக்கவில்லை. "பரிசு வாங்குன புள்ளைய இப்புடிக் குச்சியாக்கிப் போட்டீங்களேங்க" என்று அழுதாள். வீங்கியதுதான் நோய், இளைத்ததுதான் குணம் என்று அவளுக்குப் புரியவைக்க நர்ஸுக்கு ஒரு முழு மத்தியானம் ஆனது.

வீட்டுக்கு அனுப்பும்போது, இது திரும்பி வரக்கூடிய நோய், தினமும் காலையில் சிறுநீரில் புரதம் காட்டும் ஒரு காகிதப் பட்டையை நனைத்துப் பார்க்கவேண்டும், மஞ்சளாக இருந்தால் நல்லது, முதல் சில நாள் பச்சை காட்டும், மஞ்சளான பிறகு மறுபடி பச்சையானால் உடனே ஓடி வா என்று சொல்லிக் கொடுத்தோம். அப்படியே டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி மெதுவாகக் கேட்டேன். வேறு நல்ல பாத்திரம் வாங்கித் தருகிறேன் என்றேன். "குடுத்த பரிசத் திருப்பிக் கேக்கறது எந்த ஊரு வழக்கமுங்க?" என்று பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சேலத்துக்கு எழுதி என் கண்டுபிடிப்பைத் திரும்பப் பெற்றேன். மழையில் சோர்கிற பெரிய டாக்டர் போன் செய்து, "நல்ல தியரியாச்சே, கொஞ்சம் திருத்திப் பார்க்கலாமே" என்று வருத்தப்பட்டார்.

பங்குனியில் செல்வி மறுபரிசோதனைக்கு வரவேண்டிய நாளில் வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டாளோ, மறுபடி வீங்கிவிட்டதோ என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்த முறை நர்ஸ் எதுவும் சொல்லுமுன்னே, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், சர்ச் ஆராதனைக்குப் போகுமுன் நானே கிளம்பிப் போனேன்.

செல்வி வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். "வாங்க டாக்டரம்மா, ஊட்டுக்குள்ள வாங்க. போனு தண்ணியில உளுந்துருச்சுங்க. நாளைக்கி நானே வரலாம்னு இருந்தேன்" என்று சொல்லி, சூடாக எவர்சில்வர் டம்ளரில் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். நான் நன்றி சொல்லிவிட்டு, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் டம்ளரைச் சுற்றித் திருப்பிப் பார்த்தேன். அவள் கல்யாணத் தேதி வெட்டியிருந்தது. நிம்மதியாகக் குடித்தேன். ஏன் திருப்பிப் பார்த்தேன் என்று எனக்கே அப்போது தெரியாது. கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

உள்ளேயிருந்து தர்ஷினி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்திருந்தன. காலில் கொலுசு கிடந்தது. "வா கண்ணு, டாக்டரம்மாவுக்குக் காட்டிரலாம்" என்று செல்வி அவளைக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போனாள். திரும்பி வரும்போது கையில் அந்தப் பரிசு டம்ளர். அதில் அன்று காலையின் முதல் சிறுநீர்.

"இதுதானுங்க அளவா இருக்குது. வேற எதுக்கும் எடுக்கறதில்லீங்க" என்றாள்.

பட்டையை நனைத்து, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் அன்றைய கட்டத்தில் கலர் பென்சிலால் தீட்டினாள். மேல் தாள்களைத் தூக்கிப் பார்த்தேன். தை மாதத்தில் முதல் சில கட்டங்கள் பச்சை. அதன்பின் ஒரு நாள்கூட விடாமல் மஞ்சள், மஞ்சள், மஞ்சள். பச்சை ஃபைலில் நான் வரைந்த எந்தப் படமும் அதன் கிட்டே வராது.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது. பட்டவள் இல்லையா, கேட்டே விட்டேன். "ஏம்மா, இடையில நாலஞ்சு நாள் மழை பெய்ததே. அன்னிக்கும் பட்டையில வந்த கலரத்தானே தீட்டினே? மழைக்குன்னு ஒண்ணும் கழிக்கலையே?"

செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏனுங்க டாக்டரம்மா, ஒண்ணுக்குக்கெல்லாம் யாராச்சும் கழிப்பாங்களா?"

பிறகு டம்ளரைக் கொல்லையில் கொட்டி, கழுவி, துடைத்து, ஜன்னலில் கவிழ்த்து வைத்தாள். 'ஆரோக்கியக் குழந்தை - முதல் பரிசு' என்ற எழுத்து தலைகீழாகத் தெரிந்தது. நான் அதைப் படித்துவிட்டு, தர்ஷினியை ஒருமுறை கையில் தூக்கிப் பார்த்தேன். பன்னிரண்டு கிலோதான் இருப்பாள்.